ஸ்வால்பார்ட்: குளிர் காக்கும் களஞ்சியம்

உலகப் படத்தின் உச்சியை நாம் நோக்கினால், நார்வே நாட்டின் வடகரைக்கும் வடதுருவத்துக்கும் ஏறக்குறைய நடுவழியில் ஒரு தீவுக் கூட்டத்தைக் காணலாம். அதுவே ஸ்வால்பார்ட். 'குளிர்ந்த கரை' என்பது இப்பெயரின் பொருள். இதன் பரப்பு ஏறத்தாழ 61,000 சதுர கிலோ மீட்டர். அதில் பாதிக்கு மேல் பனியாறுகள் மூடியுள்ளன. இங்கே மரங்கள் இல்லை. பாசியும் சிறு பூண்டுகளுமே முளைக்கின்றன. பனிக்கரடி, கலைமான், துருவ நரி ஆகியவை இங்கு வாழ்கின்றன.

இங்குள்ள பகலும் இரவும் நமக்கு வியப்பூட்டுவன. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டுப் பிற்பகுதி வரை கதிரவன் மறைவதே இல்லை. அக்டோபர் இறுதியிலிருந்து பெப்ருவரி நடுப்பகுதி வரை அவன் உதிப்பதே இல்லை!

இத்தீவுகளுக்குப் பழங்குடி மக்கள் எவரும் இல்லை. 1596-ல் டச்சு மாலுமி வில்லெம் பேரண்ட்ஸ் இவற்றைக் கண்டார். தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் கோடையில் மேற்குக் கரையைப் பனிக்கட்டியின்றி வைத்திருந்ததால், அவருக்குப் பின் கப்பல்கள் பல வந்தன. விளக்குக்கும் சோப்புக்கும் எண்ணெய் வேண்டித் திமிங்கிலங்களைக் கொன்று குவித்தனர். டச்சுக்காரர் அமைத்த குடியிருப்பின் பெயரே 'கொழுப்பு நகரம்' என்னும் பொருளுடையது. திமிங்கிலம் அருகியதும் வேடர்கள் தோலுக்காக வந்தனர். 1906-ல் அமெரிக்கரான லாங்இயர் நிலக்கரிச் சுரங்கம் தொடங்கினார். அவர் பெயராலேயே இன்றைய தலைநகர் லாங்இயர்பியன் வழங்குகிறது.

எடுத்துச் செல்லவே வந்த மனிதன் மெல்ல மெல்லக் காக்கவும் கற்றான். 1920-ல் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கை, தீவுகளை நார்வேயின் ஆட்சியில் வைத்து, போருக்குப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. 1973-ல் பனிக்கரடி வேட்டை தடை செய்யப்பட்டது. நம் இந்தியா 2008-ல் 'ஹிமாத்ரி' என்னும் ஆய்வு நிலையத்தை இங்கே திறந்தது.

அதே 2008-ல், மலையைக் குடைந்து உலக விதைக் களஞ்சியம் ஒன்றும் அமைக்கப்பட்டது. அதில் விதைகள் சுழியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசில் வைக்கப்பட்டுள்ளன. மின்சாரம் தடைப்பட்டாலும், உறைந்த நிலமே அவற்றைக் குளிரில் காக்கும். ஐதராபாத் அருகேயுள்ள பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிலையம் அனுப்பிய சோளமும் கம்பும் அங்கே உறங்குகின்றன. சிரியாவில் போர் மூண்டு அலெப்போ விதை வங்கியின் பணி தடைப்பட்டபோது, அந்நிறுவனத்தார் 2015-ல் இங்கிருந்து விதைகளைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் மீண்டும் பயிரிட்டனர்.

ஆயினும் 2016-ல் வழக்கத்துக்கு மாறான வெப்பத்தால் மழையும் உருகிய நீரும் சுரங்க வாயிலில் புகுந்தன. விதைகளுக்குத் தீங்கு நேரவில்லை. வாயிலைச் செப்பனிட்டுப் பலப்படுத்தினர். குளிரை நம்பிக் கட்டிய களஞ்சியம் இது. அந்தக் குளிரையோ, நாம் எரிக்கும் கரியும் எண்ணெயும் குறைத்து வருகின்றன. விதையைப் பெட்டியில் வைத்தால் மட்டும் போதாது. அதைக் காக்கும் குளிரையும் முளைக்க வைக்கும் மண்ணையும் சேர்த்தே நாம் காக்க வேண்டும்.