ஒளி பட்டால் உதிரும் எலக்ட்ரான்கள்

ஒளி நமக்குப் பொருள்களைக் காட்டுகிறது, வெப்பத்தையும் தருகிறது. அதே ஒளி, உலோகப் பரப்பிலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றவும் வல்லது என்பதை அறிவீர்களா? இதனை 'ஒளிமின் விளைவு' என்று அழைக்கின்றனர்.

1887ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் மின்காந்த அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். உலோக முனைகளின் மீது புற ஊதாக் கதிர் விழும்போது, அவற்றிடையே மின்பொறி எளிதாகப் பாய்வதைக் கண்டார். இடையே கண்ணாடியை வைத்தபோது பொறி குன்றியது. காரணம் விளங்கவில்லை. எலக்ட்ரான் கண்டறியப்பட்டது 1897இல். ஹெர்ட்ஸ் 1894இலேயே காலமானார்.

1902இல் பிலிப் லெனார்டு மற்றொரு விந்தையை வெளியிட்டார். ஒளியின் செறிவைக் கூட்டினால், வெளிவரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடியது. அவற்றின் உச்ச வேகமோ கூடவில்லை! ஒளி அலை மட்டுமே என்றால் இது எவ்வாறு பொருந்தும்?

விடையளித்தவர், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய 26 வயது இளைஞர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். ஒளியின் ஆற்றல் சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. அதிர்வெண் உயர்ந்தால் பொட்டலத்தின் ஆற்றலும் உயரும் என்று 1905இல் எழுதினார். அப்பொட்டலமே இன்று 'ஃபோட்டான்' எனப்படுகிறது.

மாமரத்தின் மீது கூடை கூடையாக மணலை வீசினாலும் காய் விழாது. குறி பார்த்து எறிந்த ஒரு கல் போதும். துத்தநாகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்கச் சுமார் 4.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் ஃபோட்டானிடம் ஏறக்குறைய 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இல்லை. ஆகவே சாதாரண விளக்கொளி எத்துணைப் பிரகாசமாயினும் பயனில்லை. புற ஊதாக் கதிரே வேண்டும். சீசியம் உலோகத்திற்கோ சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட்டே போதுமாதலால், நாம் காணும் ஒளியே அதற்குப் போதுமானது.

அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் மில்லிகன் இக்கருத்தை ஏற்கவில்லை. பல்லாண்டுகள் உழைத்து அதனைச் சோதித்தார். அளவீடுகள் யாவும் ஐன்ஸ்டீனின் சமன்பாட்டிற்கே இசைந்தன! தம் எண்ணத்திற்கு மாறாக வந்த அம்முடிவை அவர் மறைக்கவில்லை. 1916இல் உள்ளபடியே வெளியிட்டார். இவ்விளைவின் விதியைக் கண்டமைக்காகவே ஐன்ஸ்டீனுக்கு 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு சிறப்பாக வழங்கப்பட்டது. 1923இல் மில்லிகனும் அப்பரிசைப் பெற்றார்.

திரைப்படச் சுருளின் ஓரத்தில் பதிந்த ஒலியை மீட்டுத் தந்த ஒளிமின்கலமும், இருளில் காண உதவும் கருவியும் இவ்விளைவின் பயன்களே. பள்ளி செல்லும் உங்கள் பிள்ளைகளுக்கு ஐன்ஸ்டீனின் அறிவைப் பற்றிச் சொல்லுங்கள். கூடவே மில்லிகனின் நேர்மையைப் பற்றியும் சொல்லுங்கள். அறிவு வளர இரண்டும் வேண்டும் அல்லவா?