பாலிங் பசியும் பல்கலைக்கழகத்தின் வாயும்



பல்கலைக்கழகத்தை யார் நடத்துவது என்ற பேச்சு, பால்வாளி தூக்கி வளர்ந்த குடும்பங்களுக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பேச்சு சூடு பிடித்ததே நம் கெடாவின் ரப்பர் விலையால்தான்.

1974ஆம் ஆண்டின் இறுதியில் ரப்பர் விலை சரிந்தது. சாமான் விலையோ ஏறியது. பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் வயிற்றுக்கு வழியின்றி வீதிக்கு வந்தனர். அவர்கள் மலாய்க்காரர்கள், நாம் தோட்டத் தொழிலாளர்கள். ஆனாலும் பால் விலை விழுந்தால் இரு வீட்டு அடுப்பும் ஒன்றுபோலத்தான் அணையும். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் டிசம்பர் 3ஆம் தேதி மாணவர்கள் திரண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். கிராமத்து வறுமையை ஆராய்ந்து எழுதிவந்த மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் சையத் ஹுசின் அலி, விசாரணையின்றி 1980 வரை காவலில் வைக்கப்பட்டார்.

1971இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் 1975இல் மேலும் இறுக்கப்பட்டது. அரசியல் கட்சியோடும் தொழிற்சங்கத்தோடும் மாணவர்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்றாயிற்று. அப்பா சந்தா கட்டும் சங்கத்துக்கு மகன் ஆதரவு சொன்னால் குற்றம்! 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் ஒரு பிரிவு செல்லாது என்றது. 2012இலும் 2018இலும் வந்த திருத்தங்களால் மாணவர் கட்டு தளர்ந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு பிடித்தது.

கல்விச் சுதந்திரம் என்பது வாய்க்கு வந்ததைப் பேசுவதன்று. மரத்தைச் சோதிப்பவர் வேரில் நோய் என்கிறார். "நோயில்லை என்று எழுது" என்று துரை சொன்னால் மரம் பிழைக்குமா? ஆராய்ந்து கண்டதை, மேலிடத்துக்குக் கசந்தாலும், வேலை போகும் என்ற பயமின்றிச் சொல்ல முடியவேண்டும். அவ்வளவுதான்.

இன்று கெடாவிலேயே 1984இல் தொடங்கிய வட மலேசியப் பல்கலைக்கழகம் சிந்தோக்கில் இருக்கிறது. 2001இல் தொடங்கிய தனியார் எய்ம்ஸ்ட் செமெலிங்கில் இருக்கிறது. எந்தக் கல்லூரியானாலும் வாரியத்து ஆட்கள் மாறுவார்கள். புதியவர்கள் புது விதி போடுவார்கள். பணமும் கட்டடமும் வாரியத்தின் பொறுப்பு, நியாயம்தான். பாடம், தேர்வு, பட்டம் ஆகியவை கற்பிப்பவர்கள் அமர்ந்திருக்கும் செனட் சபையில் முடிவாக வேண்டும். விரிவுரையாளரை நீக்குமுன் காரணத்தை எழுத்தில் கொடுத்து அவர் பதிலைக் கேட்கவேண்டும். ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இந்தக் காப்பு மெலிந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டணமும் விடுதியும் விசாரிக்கிறோம். பாடத்தை மாற்றுவது யார், கற்பிப்பவர்களில் எத்தனை பேர் நிரந்தரம் என்பதையும் அந்த மேசையிலேயே கேட்டுவிடலாம்.