குக்கர் எந்த ஊர்? பெட்டி சொல்லாது, எண் சொல்லும்

ஆடித் தள்ளுபடி முடிய இன்னும் சில நாள்களே இருக்கின்றன. ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். சீர்வரிசைப் பாத்திரங்களை அதற்குள் வாங்கி வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் தெள்ளார், தேசூர், வந்தவாசிப் பக்கத்து வாசகர்கள் எழுதும் கடிதங்களில் நன்றாகவே தெரிகிறது. "வடநாட்டுச் சரக்கு என்கிறார்கள், நம்பி வாங்கலாமா?" என்கிறது ஒரு கடிதம். "பெட்டியில் சென்னை முகவரி இருக்கிறது. அப்படியானால் சென்னையில் செய்ததுதானே?" என்கிறது இன்னொன்று. "எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று சொல்லிப் பாதி விலைக்குத் தருகிறார் தவணைக்காரர், எடுக்கலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. எல்லாக் கடிதங்களும் கேட்பது இதைத்தான்: குக்கர் எங்கே தயாரானது என்பதை வைத்து அதன் தரத்தை முடிவு செய்யலாமா?

செய்யலாம். ஆனால் பார்க்க வேண்டியது ஊரை அல்ல, தொழிற்சாலையை.

இந்த வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ஆரணிப் பட்டு நெய்யும் வீடுகளில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இழையில் வைத்த கண்ணை எடுக்க முடியாது. விசிலைக் காதால் எண்ணித்தான் சமையல் நடக்கிறது. பக்கத்தில் ஆள் நிற்காத அடுப்பில் ஏறும் குக்கர், தன்னைத்தானே காத்துக்கொள்ளும் தரத்தில் இருந்தாக வேண்டும்.

முத்திரை எதற்கு உத்தரவாதம்?

2021 பிப்ரவரி 1 முதல், வீட்டு உபயோகப் பிரஷர் குக்கர் எதுவானாலும் ஐ.எஸ். 2347 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன்தான் விற்கப்பட வேண்டும். இதற்கான தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் நடைமுறை என்று முதலில் அறிவித்து, பிறகு ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். முத்திரை இல்லாமல் விற்பவருக்கு 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம் வகுத்த தண்டனை கடுமையானது: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறை 2 லட்சம் ரூபாய்க்கும் அடுத்தடுத்த முறை 5 லட்சத்துக்கும் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

அரசு விளம்பரங்கள் இந்த முத்திரையைத் தரத்தின் உத்தரவாதம் என்கின்றன. அது பாதி உண்மை. நடப்பது இதுதான்: ஒரு தொழிற்சாலை விண்ணப்பிக்கிறது, அமைவனத்தின் அதிகாரி போய்ப் பார்க்கிறார், மாதிரிகள் ஆய்வகத்தில் தேறினால் உரிமம் கிடைக்கிறது. அதன் பிறகு சோதிக்கும் பொறுப்பு தொழிற்சாலையுடையது. அமைவனம் அவ்வப்போது தொழிற்சாலையிலிருந்தும் கடையிலிருந்தும் மாதிரி எடுத்துப் பார்க்கும். நீங்கள் வாங்கும் குறிப்பிட்ட குக்கரை அமைவனத்தின் ஆள் எவரும் தொட்டிருக்கமாட்டார். ஆக, முத்திரை என்பது ஒரு தொழிற்சாலை கொடுத்த வாக்கு. வாக்கின் மதிப்பு கொடுத்தவரைப் பொறுத்தது என்பதால், கொடுத்தவர் யார் என்று தெரிய வேண்டும்.

தொழிற்சாலையைக் காட்டும் எண்

இந்த ஏற்பாட்டில் மெய்யாகவே புத்திசாலித்தனமான அம்சம் ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஐ. உரிமம் கம்பெனிக்கோ பிராண்டுக்கோ தரப்படுவதில்லை. குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் குறிப்பிட்ட தொழிற்சாலைக்குத் தரப்படுகிறது. ஒரே கம்பெனிக்கு நான்கு ஊர்களில் தொழிற்சாலை இருந்தால் நான்கு உரிமங்கள், நான்கு எண்கள்.

குக்கரைத் திருப்பிப் பாருங்கள். முத்திரையின் மேலே ஐ.எஸ். 2347 என்றும், கீழே சி.எம்./எல். என்ற எழுத்துகளை அடுத்து ஏழு அல்லது பத்து இலக்க எண்ணும் இருக்கும். அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற இலவசச் செயலியில், உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணைத் தட்டினால் தொழிற்சாலையின் பெயர், முகவரி, என்ன பொருளுக்கான உரிமம், எந்தெந்த பிராண்டு பெயர்கள், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் வரும். கடைக்காரர் சொல்வதையும் பெட்டியில் அச்சடித்திருப்பதையும் நம்பவேண்டிய தேவையே இல்லை.

பெட்டியை ஏன் நம்பக் கூடாது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உற்பத்தியாளர் யார் என்பதை மிக அகலமாக வரையறுக்கிறது. பொருளைச் செய்பவர் உற்பத்தியாளர். பிறர் செய்த பாகங்களைப் பூட்டுபவரும் உற்பத்தியாளர். வேறொருவர் செய்த பொருளின்மேல் தன் பெயரைப் பதிப்பவரும் உற்பத்தியாளரே. பெயரைப் பதித்தவர் நழுவிவிடக் கூடாது என்பதற்கான வரையறை இது. வழக்கு என்று வந்தால் நமக்கு நல்லதுதான். ஆனால் வாங்கும் நேரத்தில் குழப்பம் தருகிறது. சென்னை முகவரி போட்ட கம்பெனி ஒரு குக்கர்கூடச் செய்யாமல் இருக்கலாம். சிறிய எழுத்தில் 'மார்க்கெட்டட் பை' என்று இருந்தால் அது விற்பவரின் முகவரி. 'மேனுஃபேக்சர்ட் பை' என்று இருக்கும் முகவரியைத் தேடுங்கள். அதையும் செயலியில் வரும் முகவரியோடு ஒப்பிடுங்கள்.

நாம் பெயர் சொல்லிக் கேட்கும் குக்கர்களையே எடுத்துக்கொள்வோம். பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் இரண்டும் 1959-ஐ ஒட்டி இங்கிலாந்துக் கம்பெனிகளின் தொழில்நுட்பக் கூட்டுடன் இந்தியாவில் வேர்விட்டவை. பிரெஸ்டீஜுக்கு ஓசூர், கோவை மட்டுமல்லாமல் உத்தராகண்டின் ரூர்க்கியிலும் குஜராத்தின் கர்ஜனிலும் தொழிற்சாலைகள் அமைந்தன. ஹாக்கின்ஸுக்கு மகாராஷ்டிரத்தின் தாணே, பஞ்சாபின் ஹோஷியார்பூர், உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூர் மாவட்டம். ஆக, "நம்மூர் பிராண்டு" என்று கேட்டு வாங்குவது வடக்கே தயாரானதாக இருக்கலாம். அதனால் அது மட்டமாகிவிடாது. எல்லாத் தொழிற்சாலைகளும் ஒரே தரத்துக்குத்தான் கட்டுப்பட்டவை. வடநாட்டுச் சரக்கு மோசம், தென்னாட்டுச் சரக்கு உசத்தி என்பதெல்லாம் கடைப் பேச்சு.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. ஒரே உரிமத்தின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட பிராண்டு பெயர்களைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. இரு வேறு விலையில் இரு வேறு பெயரில் அடுக்கியிருக்கும் குக்கர்கள் ஒரே கூரையின் கீழ் தயாரானவையாக இருக்கலாம். இன்று ஒரு தொழிற்சாலையில் செய்து வாங்கும் பிராண்டு, நாளை வேறொன்றுக்கு மாறலாம். பத்து வருடம் உழைத்த பழைய குக்கரின் பெயரை நம்பி அதே பெயரில் வாங்குபவருக்கு இந்த மாற்றத்தை எவரும் சொல்வதில்லை. மாறியிருப்பது அடியில் உள்ள எண் மட்டுமே.

போலிகளும் இந்த எண்ணில்தான் மாட்டுகின்றன. முத்திரையை எவரும் அச்சடித்துவிடலாம். எண்ணுக்கு ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும். எனவே எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். செயலியில் வரும் பொருள் பிரஷர் குக்கர்தானா, பிராண்டு பெயர் உங்கள் கையில் இருப்பதுதானா, உரிமம் நடப்பில் இருக்கிறதா ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் குக்கரைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

'எக்ஸ்போர்ட் குவாலிட்டி'

ஏற்றுமதிக்கென்று செய்யும் குக்கருக்கு இந்தத் தரக்கட்டுப்பாட்டு ஆணை பொருந்தாது, அதற்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. ஆகவே முத்திரை இல்லாத குக்கரை ஏற்றுமதிச் சரக்கு என்று சொல்லித் தெள்ளாரில் விற்பவர், சட்டத்தை மீறுவதாகத் தானே ஒப்புக்கொள்கிறார். தவணையில் கிடைக்கிறது, பழைய பாத்திரத்துக்கு மாற்றாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம்.

கண்காணிப்பு எப்படி இருக்கிறது?

ஆணை நடைமுறைக்கு வந்த பிறகும் முத்திரையில்லாக் குக்கர்கள் பெரிய இணையக் கடைகளிலேயே விற்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நடவடிக்கை எடுத்தது. அமேசான் வழியாக 2,265 குக்கர்கள், ஃபிளிப்கார்ட் வழியாக 598, பேடிஎம் மால் வழியாக 39. மூன்றுக்கும் அபராதம் ஒன்றே: தலா ஒரு லட்சம் ரூபாய். அமேசான் அந்தக் குக்கர்களின் விற்பனைக் கட்டணமாக மட்டும் பெற்றது 6,14,825 ரூபாய். வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைத் தர வேண்டும் என்றும் ஆணையம் உத்தரவிட்டது. அந்தப் பகுதி பாராட்டுக்குரியது. ஆனால் 39-க்கும் 2,265-க்கும் ஒரே அபராதம் என்றால் அது யாரையும் தடுக்காது. ஒவ்வொன்றுக்கும் கணக்கு தெரிகிற இணையக் கடைகளிலேயே இதுதான் நிலைமை. கணக்கே இல்லாத சந்தைக் கடைகளை, இரு சக்கர வண்டியில் வரும் தவணை வியாபாரத்தை யார் பார்க்கிறார்கள்?

உதிரிபாகம் எந்த ஊர்?

கடிதங்களில் எவரும் கேட்காத கேள்வி இது. நல்ல தொழிற்சாலையின் குக்கரில் போலி சேஃப்டி வால்வைப் பூட்டினால் முத்திரைக்கு அர்த்தமில்லை. போலி உதிரிபாகங்களால் குக்கர்கள் வெடித்ததைக் கண்டுதான் டி.டி.கே. பிரெஸ்டீஜின் டி.டி.ஜகந்நாதன் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். மூடியின் விளிம்பில் ஒரு திறப்பு. ஆவி போகும் வழி அடைத்து, வால்வும் வேலை செய்யாமல் போனால், கேஸ்கெட் அந்தத் திறப்பின் வழியே பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும். மூடி பறக்காது. வாங்கும் குக்கரில் இந்தத் திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் வால்வையும் கேஸ்கெட்டையும் அந்தந்தக் கம்பெனியுடையதாகவே வாங்குங்கள்.

மற்ற கேள்விகள்

அலுமினியமா, எவர்சில்வரா? ஐ.எஸ். 2347 இரண்டுக்கும் பொதுவானது. புளியும் தக்காளியும் அதிகம் வேகும் வீட்டுக்கு எவர்சில்வர் நல்லது.

ஐ.எஸ்.ஓ. 9001 போதாதா? போதாது, அது நிர்வாக முறைக்கான சான்று, குக்கருக்கானது அல்ல.

வெளிநாட்டுக் குக்கர்? வெளிநாட்டுத் தொழிற்சாலையும் ஐ.எஸ்.ஐ. உரிமம் பெற்றிருக்க வேண்டும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் நாட்டின் பெயரும் இருக்க வேண்டும்.

இணையத்தில் வாங்கினால்? எந்த நாடு என்று சொல்வது 2020 முதல் கட்டாயம். தொழிற்சாலை தெரிய, வந்ததும் எண்ணைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

கேஸ்கெட்டுக்குத் தரம் உண்டா? உண்டு: ஐ.எஸ். 7466.

செய்தவர் யாரென்றே தெரியாத குக்கர் வெடித்தால்? நுகர்வோர் சட்டப்படி விற்ற கடைக்காரரே பொறுப்பேற்க வேண்டிவரும்; பில் இருந்தால் அதை நிரூபிப்பது எளிது.

தொழிற்சாலை பஞ்சாபில் இருந்தால் அங்கேயா வழக்கு? இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தொடுக்கலாம்.

போலி முத்திரையைக் கண்டால்? பி.ஐ.எஸ். கேர் செயலியிலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லோ புகார் செய்யுங்கள்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையின் பெயரையும் ஊரையும் குக்கரின் உடலிலேயே தமிழிலும் படிக்கும்படி பொறிக்கச் சொல்ல வேண்டும். செயலி உள்ள கைப்பேசி இல்லாதவருக்கும் அந்தத் தகவல் உரியது. அதுவரை, கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் குக்கருக்கும் சேர்த்து எண்ணைத் தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் அதைத் தங்கள்மேல் உள்ள சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தள்ளுபடி முடிகிற அவசரத்திலும், எண் பொருந்தாத குக்கரையோ பில் தராத கடையின் குக்கரையோ வாங்காதீர்கள்.