நந்தியாவட்டை இலைக்குள் என்ன இருக்கிறது?



செந்தூல் பக்கம் வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் நந்தியாவட்டைச் செடியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பூவைப் பறித்துச் சாமிக்குச் சாத்துகிறோம். இலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், நம் தலைநகரில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் கம் தோ சியோக் குழுவினர் அடுக்கு நந்தியாவட்டையின் இலைகளிலிருந்து, அதுவரை உலகம் அறியாத இரண்டு பொருள்களைப் பிரித்தெடுத்து 1993ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கொனோபில்லின், கொனோபில்லிடின் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தனர். பின்னர் ஜப்பானிய ஆய்வாளர்கள் கொனோபில்லினை எடுத்து, புற்றுநோய், கணையச் செல்கள் தொடர்பான ஆய்வுகளில் பயன்படுத்தினர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரு கொனோபில்லின் மூலக்கூறில் 44 கார்பன், 50 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், 10 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. எந்த உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்தாலும் நம் கண்ணுக்கு அது தெரியாது. அப்படியிருக்க, எந்த அணு எதன் பக்கத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொன்னார்கள்? அதற்குப் பெரிதும் துணை நின்ற கருவியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதன் பெயர் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலைக் கருவி. சுருக்கமாக என்.எம்.ஆர்.

பயப்பட வேண்டாம்

'அணுக்கரு' என்ற சொல்லைக் கேட்டதும் அணுகுண்டும் கதிர்வீச்சும் நினைவுக்கு வருவது இயல்பே. இதில் அந்த ஆபத்து எதுவும் இல்லை. மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. சோதனையும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. நோயாளிகள் மிரளக் கூடாது என்றுதான் அதன் பெயரிலிருந்து 'அணுக்கரு' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

தத்துவம் இதுதான். ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அதை ஒரு பெரிய காந்தத்துக்குள் வைத்து வானொலி அலையைச் செலுத்தினால், தனக்குரிய அலைவரிசை வரும்போது அது பதில் குரல் கொடுக்கும். வானொலிப் பெட்டியைத் திருப்பிக்கொண்டே போகும்போது ஒவ்வோர் இடத்தில் ஒரு நிலையம் கேட்பது போல. சுற்றியுள்ள அணுக்கள் யார் என்பதைப் பொறுத்து அந்த அலைவரிசை இம்மியளவு மாறும். எனவே ஒரு ஹைட்ரஜன் எங்கே பாடுகிறது என்று கேட்டாலே, அது யாருடன் குடியிருக்கிறது என்று ஊகிக்கலாம். தாளில் இது ஒரு நீண்ட கோடாகவும் ஆங்காங்கே எழும் சிகரங்களாகவும் பதிவாகிறது.

1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட், தர்மாத்தி, பேக்கார்ட் ஆகிய மூவர் எத்தனாலை, அதாவது மதுவில் உள்ள சாராயத்தை, இப்படிச் சோதித்தனர். மூன்று சிகரங்கள் வந்தன. அவற்றின் அளவு 3, 2, 1 என்ற விகிதத்தில் இருந்தது. எத்தனாலில் உள்ள ஆறு ஹைட்ரஜன்களும் மூன்று, இரண்டு, ஒன்று என்று மூன்று வீடுகளில் இருப்பதைத் தாளே சொல்லிவிட்டது. அந்த மூவரில் தர்மாத்தி இந்தியர் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் தாயகம் திரும்பிய அவர், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தார்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் டைமெதில் ஈதரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் அதே 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன்தான். ஆனால், அது சாராயம் அல்ல. எளிதில் தீப்பற்றும் வாயு. என்.எம்.ஆர். கருவியில் அது ஒரே ஒரு சிகரத்தைத்தான் காட்டும். ஆறு ஹைட்ரஜன்களும் ஒரே மாதிரி வீட்டில் இருக்கின்றன. பொருள்கள் ஒன்றுதான், கட்டிய விதம்தான் வேறு. அந்தக் கட்டிய விதத்தைச் சொல்வதே இக்கருவியின் வேலை.

கொனோபில்லின் போன்ற பெரிய மூலக்கூறுக்கு இது மட்டும் போதாது. யார் யாருக்கு அண்டை வீட்டார் என்று காட்டும் இருபரிமாண என்.எம்.ஆர். முறை வேண்டும். கல்யாணப் பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தால், முழுப் பந்தி வரிசையையும் எழுதிவிடலாம் அல்லவா? அதே வழிதான். இம்முறைகளை வளர்த்ததில் பெரும் பங்கு வகித்த சுவிட்சர்லாந்தின் ரிச்சர்ட் எர்ன்ஸ்டுக்கு 1991ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மரம் போனது, கட்டமைப்பு நின்றது

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குச் சரவாக் மாநிலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1987ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் திட்டத்திற்காக, லுண்டு வட்டாரக் காட்டில் பிந்தாங்கோர் வகை மரம் ஒன்றின் இலைகளும் சிறு கிளைகளும் சேகரிக்கப்பட்டன. சோதனைக் குழாயில் அதன் சாறு எச்.ஐ.வி. கிருமியைத் தடுத்தது. உடனே மேலும் இலை பறித்து வர ஆட்கள் காட்டுக்குப் போனார்கள். அந்த மரம் அங்கே இல்லை. வெட்டப்பட்டிருந்தது. அதே இனத்தைச் சேர்ந்த வேறு மரங்களில் அந்தப் பொருள் சரியாகக் கிடைக்கவில்லை. கடைசியில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த மரங்கள் கைகொடுத்தன.

ஆனால், அதற்கு முன்பே முக்கியமான வேலை முடிந்திருந்தது. முதலில் பறித்த கொஞ்ச இலையிலிருந்து கிடைத்த பொருளை என்.எம்.ஆர். முதலிய கருவிகளில் வைத்து அதன் கட்டமைப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். 1992ல் அது கலனோலைட் ஏ என்ற பெயரில் வெளிவந்தது. கட்டமைப்பு தெரிந்ததால், மரத்தையே எதிர்பார்க்காமல் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்ய முடிந்தது. 1996ல் சரவாக் அரசும் ஓர் அமெரிக்க நிறுவனமும் கூட்டு நிறுவனம் அமைத்தன. மனிதர்களிடம் சோதனைகளும் நடந்தன. அது மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் காட்டில் விழுந்த ஒரு மரத்தின் ரகசியம் மரத்தோடு மண்ணாகிவிடவில்லை.

நம் பாட்டி வைத்தியத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். பெருமை மட்டும் போதாது. இந்த இலையில் இன்ன பொருள் இருக்கிறது, அதன் உருவம் இது என்று எழுதிவைத்தால்தான் உலகம் ஏற்கும்; போலியையும் கலப்படத்தையும் பிரித்துக் காட்ட முடியும்.

கருவி கோடு போடும், படிப்பது மனிதர்

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. கருவி சிகரங்களைத்தான் தரும். அவற்றுக்குப் பொருள் சொல்வது மனித மூளை. நம் வேப்ப விதையில் பூச்சிகளை விரட்டும் அசாடிராக்டின் 1968ல் இங்கிலாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. 1975ல் என்.எம்.ஆர். துணையோடு அதற்கு ஒரு கட்டமைப்பு சொன்னார்கள். அதிலும் திருத்தம் தேவைப்பட்டது. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இருந்த ஆய்வாளர்கள் 1985ல்தான் சரியான உருவத்தை நிலைநாட்டினர். பதினேழு ஆண்டுகள்! உலகின் சிறந்த நிபுணர்களுக்கே இவ்வளவு காலம் பிடித்தது என்றால், படிக்கத் தெரிந்தவரின் அருமை நமக்குப் புரியும்.

ஆகவேதான் இளங்கலைப் படிப்பிலேயே இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் சாலிசிலிக் அமிலத்திலிருந்து ஆஸ்பிரின் தயாரிப்பார்கள். வெள்ளைத் தூள் கிடைக்கும். தொடங்கிய பொருளும் வெள்ளைத் தூள்தான்! வேலை நடந்ததா இல்லையா? என்.எம்.ஆர். எடுத்தால் 2.3 என்ற இடத்தில் மூன்று ஹைட்ரஜன்களுக்குரிய புதிய சிகரம் எழும். சாலிசிலிக் அமிலத்தில் அது கிடையாது. 2.1 என்ற இடத்திலும் ஒரு சிறு சிகரம் தெரிந்தால், அசெட்டிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சரியாகக் கழுவவில்லை என்று பொருள். தன் கை வேலையைத் தாளே தராசில் நிறுத்திக் காட்டும்போது மாணவருக்குப் பாடம் மனதில் பதிகிறது.

சிக்கல் எங்கே என்றால், கருவியின் விலையில். ஆராய்ச்சிக்கான 400 மெகாஹெர்ட்ஸ் கருவியின் காந்தம் 9.4 டெஸ்லா வலிமை உடையது. பூமியின் காந்தப் புலத்தைப் போல அது ஏறக்குறைய 2 லட்சம் மடங்கு. அதை மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் குளிர்வித்து, அதைச் சுற்றித் திரவ நைட்ரஜனும் நிரப்பிக் காக்க வேண்டும். இவ்வளவு விலை உயர்ந்த கருவியை முதலாண்டு மாணவர் கையில் கொடுக்கத் தயங்குவது நியாயமே. அதனால் பல இடங்களில் மாணவர் குழாயைக் கொடுத்துவிட்டு, மறுநாள் அச்சடித்த தாளை வாங்கிக்கொள்வதோடு சரி. சமையலறைக்குள் போகாமலே சமையல் கற்பது போன்றது இது. 2010க்குப் பிறகு, ஹீலியம் தேவைப்படாத, மேசை மேல் வைக்கும் சிறு கருவிகள் சந்தைக்கு வந்துள்ளன. 60 மெகாஹெர்ட்ஸ் அளவில் அவை ஆஸ்பிரினுக்கும் எத்தனாலுக்கும் தாராளமாகப் போதும், கொனோபில்லினுக்குப் போதாது. இளங்கலை வகுப்புக்கு இவை நல்ல வரப்பிரசாதம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

வேதியியல் படித்தால் வாத்தியார் வேலையைத் தவிர வேறென்ன கிடைக்கும் என்று பெற்றோர் பலர் கேட்பதுண்டு. நம் தாத்தா பாட்டி வியர்வை சிந்திய செம்பனைத் தோட்டங்களையே எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து வரும் எண்ணெயில் குறிப்பிட்ட வெப்பத்தில் எத்தனை சதவீதம் கட்டியாக இருக்கும் என்று அளப்பதற்கு, சுத்திகரிப்பு ஆலைகளில் பயன்படுவது என்.எம்.ஆர். வகையைச் சேர்ந்த கருவிதான். மார்ஜரின் ரொட்டியில் தடவ வருமா, வாயில் கரையுமா என்பதை அந்த எண் சொல்லிவிடும். மருந்துத் தரக் கட்டுப்பாடு, உணவுச் சோதனை, ரப்பர் ஆராய்ச்சி என்று இத்திறமைக்கு இடம் இருக்கும் துறைகள் நம் நாட்டில் பல.

எஸ்.டி.பி.எம்., மெட்ரிக்குலேஷன் முடித்துப் பல்கலைக்கழகம் தேடும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கட்டணம் எவ்வளவு, தங்கும் விடுதி உண்டா என்று கேட்கும்போது, கூடவே இதையும் கேளுங்கள்: இளங்கலை மாணவர் என்.எம்.ஆர். கருவியைத் தம் கையால் இயக்குவாரா, வந்த தாளைத் தாமே படித்து விளக்குவாரா? ஆம் என்று பதில் வந்தால் அந்தத் துறை உங்களை மதிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தயங்கினால், வேறு இடத்தையும் விசாரியுங்கள்.

நம் காடுகளிலும் நம் வீட்டு வாசல்களிலும் இன்னும் படிக்கப்படாத இலைகள் எத்தனையோ இருக்கின்றன. மரங்கள் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்க வேண்டும்.