“அப்பாவை வந்து பேசச் சொல்லுங்க”

டூலெட் போர்டு பார்த்து கேட்டருகே நிற்கிறார் ஒரு பெண். ஹவுஸ் ஓனர் வருகிறார்.

“எத்தனை பேர் இருப்பீங்க?”

“நான் மட்டும்தான் சார்.”

“வீட்டுக்காரர்?”

“இல்ல சார், தனியாத்தான் இருக்கேன்.”

“ஃபேமிலிக்குத்தான்மா கொடுக்கிறோம். வேணும்னா அப்பாவை வந்து பேசச் சொல்லுங்க.”

சென்னையில் எந்தப் பேட்டையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. என்ன வேலை, வாடகை தேதிக்கு வருமா என்ற கேள்விகளுக்கு முன்பே முடிவு வந்துவிடுகிறது. தனியாக இருக்கும் பெண்ணிடம் ‘யார் வந்து போவார்கள்’ என்ற சந்தேகம். கணவரைப் பிரிந்தவர் என்றால் கூடுதல் விசாரணை. ஆண்களும் தப்புவதில்லை, பேச்சுலர் என்றாலே குடி, கூத்து, குப்பை என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள்.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

கசப்பான உண்மையை முதலில் சொல்லிவிடலாம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர மாட்டேன் என்று தனியார் ஒருவர் மறுத்தால், அதை நேரடியாகத் தடுக்கும் சட்டம் இல்லை. பாகுபாட்டைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 15(1) பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. திருநர்களுக்கு, அவர்களது உரிமைப் பாதுகாப்புக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, வாடகைக்குக் குடியிருக்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆக, கேட்டுக்கு வெளியே சட்டத்தின் கை குட்டை. கையெழுத்துப் போட்டு உள்ளே வந்துவிட்டால் அந்தக் கை நீளும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி:

• ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும்.

• அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் வேறு தொகைக்குச் சம்மதித்து ஒப்பந்தம் போட்டால் அதுதான் செல்லும். ஆகவே தொகையைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

• வீட்டைப் பார்க்க வர உரிமையாளர் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ‘சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்’ என்பது செல்லாது.

• தண்ணீர், கரன்ட்டை நிறுத்தி வெளியேற்ற முடியாது. ஒப்பந்தக் காலத்துக்குள் காலி செய்ய வைக்க, சட்டம் சொல்லும் காரணமும் வாடகை நீதிமன்ற உத்தரவும் வேண்டும்.

எங்கே சறுக்குகிறோம்?

‘அப்பா பேரில் அக்ரிமென்ட் போட்டுக்கலாம்’ என்று புரோக்கர் சொல்லும்போது வேலை முடிந்தால் போதும் என்று தலையாட்டுகிறோம். வாடகை கட்டுவது மகள். சட்டப்படி வாடகைதாரர் அப்பா. பிரச்சினை வந்தால் புகார் கொடுக்கும் தகுதியே கேள்விக்குள்ளாகும். ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

அடுத்தது, வாய்வார்த்தை நிபந்தனைகள். ‘ஒன்பது மணிக்கு கேட் பூட்டிடுவோம்’, ‘ஆண்கள் யாரும் வரக் கூடாது’ போன்றவை ஒப்பந்தத்தில் நுழைந்திருக்கின்றனவா என்று வரிவரியாகப் படியுங்கள். ஏற்க முடியாததை அடித்துவிட்டு இருவரும் அதன் அருகில் கையெழுத்திடலாம். அட்வான்ஸையும் வாடகையையும் வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கம் என்றால் ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

யாரிடம் போவது?

கரன்ட், தண்ணீர் நிறுத்தப்பட்டால் வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுக்கலாம். இடைக்கால உத்தரவும் கிடைக்கலாம். ஆபாசப் பேச்சு, பின்தொடர்தல் என்றால் அது வாடகைத் தகராறு அல்ல, குற்றம். 181 அல்லது 112-ஐ அழையுங்கள், குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். அங்கே பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உதவி இலவசம்.

அடுத்த முறையும் ‘அப்பாவை வரச் சொல்லுங்க’ என்பார்கள். வரட்டும், சாட்சிக் கையெழுத்துப் போட.