செய்தித்தாளும் நாடக மேடையும்

நிகழ்ந்தவற்றைச் சான்றுகளின் வழிநின்று மேடையிற் காட்டுவது ஆவண நாடகம் எனப்படும். மெய்ந்நிகழ்ச்சியை வித்தாகக் கொண்டு புனைவால் வளர்வது அதற்கு அணிமையான மற்றொரு வகை. மராத்தி நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கர் இயற்றிய 'கமலா' இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1981-ஆம் ஆண்டில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' செய்தியாளர் அசுவினி சரீன், மாதர் விலைப்பொருளாக விற்கப்படுதலை மறுக்கவொண்ணாவாறு மெய்ப்பிக்கக் கருதி, மத்தியப் பிரதேசத்தில் ஒரு பெண்ணை 2,300 ரூபாய்க்குத் தாமே வாங்கி, அச்செய்தியை வெளியிட்டார். இந்நாடகம் அதனின்று எழுந்தது.

நிற்க. தெண்டுல்கர் செய்தியாளரின் துணிவைப் போற்றுதலோடு அமைந்தாரல்லர். நாடகத்தில் வரும் ஜெய்சிங் ஜாதவ் என்னும் கற்பனைச் செய்தியாளன், தான் வாங்கிய கமலாவைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் நிறுத்துகின்றான். அங்கே அவள் நகைப்புக்கு இடமாகின்றாள். அவள் துன்பம் அவனுக்குப் புகழாகின்றது. பின்னர் அப்பேதை, அவன் மனைவி சரிதாவை நோக்கி, அவளை என்ன விலைக்கு வாங்கினார் என வினவுகின்றாள். அவ்வொரு வினாவால், தானும் அவ்வீட்டில் அடிமையே எனச் சரிதா உணர்கின்றாள்.

கதை கூறித் தாவீது அரசனின் குற்றத்தை அவனுக்கே காட்டிய நாத்தான் தீர்க்கதரிசியின் நெறியும் இதுவன்றோ! செய்தித்தாள் பிறர் தீமையை வெளிப்படுத்தும். நாடகமோ, அதனைக் கண்டு சினக்கும் நம் இல்லத்தையும் விளக்கேற்றிப் பார்க்கச் செய்யும். இரண்டும் ஒருங்கே வேண்டற்பாலன.