போனக்காட்டில் ஒரு குவளைத் தேநீர்

வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் காலைக் காப்பி எளிதில் மாறுவதில்லை. தேநீரோ, இருக்கும் ஊரின் வழக்கத்திற்கு விரைவில் இணங்கிவிடுகிறது. தில்லியில் சில ஆண்டு வாழ்ந்தவர் இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்டுப் பாலோடு கொதிக்க விடுகிறார். கொல்கத்தாவில் மண் குவளைக்குப் பழகியவர்க்குக் கண்ணாடித் தம்ளர் சுவைப்பதில்லை. மும்பைக்காரரோ அரைத் தம்ளர் ‘கட்டிங்’ போதும் என்கிறார். நண்பர்கள் கூடினால் இவற்றுள் எது முறையானது என்று வழக்கு எழுவதுண்டு. தீர்ப்பு மட்டும் இன்றுவரை ஆகவில்லை.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. பீகாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1946 ஜனவரி 12 அன்று லண்டன் மாலைத் தாளொன்றில், நல்ல தேநீருக்குப் பதினொரு விதிகள் வகுத்தார். இலை இந்தியாவினதாகவோ இலங்கையினதாகவோ இருக்க வேண்டும் என்பது முதல் விதி. சர்க்கரை கூடாது என்பது கடைசி விதி. இலையைப் பறித்தவர் தம் வீட்டில் எதை அருந்தினார் என்பது பற்றி அக்கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. அதைக் காணும் பொருட்டே நாங்கள் போனக்காடு சென்றோம்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் இத்தோட்டத்தை அடையலாம். தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று மரபு போற்றும் அகத்திய முனிவரின் பெயர் தாங்கிய, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்திற்கு ஏறுவோர் இங்கிருந்தே நடக்கத் தொடங்குகின்றனர். தோட்டத்தில் உழைத்தவர் பெரும்பாலும் தமிழர். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. இம்மலை கேரளத்தில் நின்றது. மலையேற வருவோரும், பாழடைந்த பங்களாவில் பேய் உண்டு என்று கேட்டு வருவோரும் இன்று பலர். உயிரோடு இருக்கும் மனிதர் குடியிருக்கும் லயங்களை எட்டிப் பார்ப்பவர் சிலரே.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இங்கு முதலில் சுவைத்தது ஒரு சொல். சீனத்தின் தெற்குக் கரைப் பேச்சிலிருந்து கடல் வழியே பரவியது ‘தே’. தரை வழியே பரவியது ‘சாய்’. தமிழ் இலைக்கும் நீருக்கும் ‘தே’யையே கொண்டது. மலையாளமோ இலையைத் ‘தேயில’ என்றும், அதன் நீரைச் ‘சாயா’ என்றும் வழங்கி, இரண்டு வழிகளுக்கும் இடம் தந்துவிட்டது. பாலில்லாத தேநீர் ‘கட்டன் சாயா’. போனக்காட்டுத் தமிழரும் அதைக் கட்டன் என்றே சொல்லக் கேட்டோம்.

இனி, நேயர்கள் பலர் எண்ணிப் பார்த்திராத ஒன்றைச் சொல்ல வேண்டும். தேயிலைச் செடி வாசலில் நின்றாலும் அதனால் நாம் அறிந்த தேநீர் கிடைத்துவிடாது. பச்சிலையைப் பறித்து வெந்நீரில் இட்டால் நிறமும் வாராது, மணமும் வாராது. இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளிய கொழுந்தை முதலில் பல மணி நேரம் வாட விட வேண்டும். பின்னர் உருட்டியோ நசுக்கியோ அதன் சாற்றை வெளிப்படுத்த வேண்டும். அச்சாறு காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலக்கும்போதுதான் பச்சை மறைந்து செம்பு நிறமும், நாம் அறிந்த மணமும் பிறக்கின்றன. உரிய பதத்தில் சூடேற்றி அம்மாற்றத்தை நிறுத்தி, ஈரத்தை மூன்று விழுக்காடு அளவிற்குக் குறைத்து, சலித்துத் தரம் பிரிப்பர். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். சலிக்கும்போது அடியில் தங்கும் மிகச் சிறிய துகளே தூள்.

இவ்வளவும் தொழிற்சாலையின் வேலை. போனக்காட்டுத் தொழிற்சாலையோ நெடுங்காலமாக ஓய்ந்து கிடக்கிறது. தொழிலாளரின் சம்பளமும் பணிக்கொடையும் ஆண்டுக்கணக்கில் பாக்கி நின்றதைச் செய்தித்தாள்கள் பன்முறை எழுதியுள்ளன. கத்தரிக்கப்படாத தேயிலைச் செடி இயல்பாகவே மரமாக உயரும். இங்கும் அவ்வாறே உயர்கிறது. அச்செடிகளுக்கு நடுவே வாழ்பவர்கள் தேயிலைத் தூளைக் கடையில் விலைக்கு வாங்குகின்றனர்.

லயத்து வீடொன்றில் முதியவள் ஒருத்தி எங்களை அமரச் செய்து அடுப்பை மூட்டினாள். அவள் செய்த முறையைச் சற்று விரித்துச் சொல்வது தகும். தண்ணீரில் சர்க்கரையை முதலிலேயே இட்டாள். நன்கு கொதித்தபின் பாத்திரத்தை இறக்கி வைத்து, அதன் பின்னரே தூளைப் போட்டு மூடினாள். தூளைக் கொதிக்க விடலாகாதோ என்று கேட்டோம்.

“கொதிச்சா கசந்து போகும் ஐயா. தூள் பொடிசு, சூட்டுக்கே இறங்கிடும்” என்றாள்.

அவள் கூறியது முற்றும் சரி. துகள் சிறிதாகச் சிறிதாக நீர் படும் பரப்பு மிகுகின்றது. ஆகவே நிறமும் சாரமும் விரைந்து இறங்குகின்றன. மேலும் கொதிக்க விட்டால் துவர்ப்பே மிகும். பாலிலுள்ள புரதம் துவர்ப்புப் பொருளைப் பற்றிக் கொள்வதால், வடநாட்டு முறையில் நெடுநேரம் கொதித்த தேநீரும் நாவை உறுத்துவதில்லை. பால் இல்லாத கட்டனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை; ஆதலின் அதில் கைப்பதம் வேண்டும். கொழுந்து எடுத்த காலத்தில் விடியுமுன் இவ்வாறே கட்டன் இட்டு, புட்டியில் நிரப்பி மலைக்குக் கொண்டு போவாளாம். பகலில் ஆறிப்போனதையே குடிப்பாளாம்.

துணியில் வடிகட்டியபின், சிறு கிண்ணத்தில் மூடி வைத்திருந்த பாலை எடுத்து எங்கள் இரண்டு தம்ளர்களிலும் ஊற்றினாள். தன் தம்ளரில் ஊற்றவில்லை. விருந்தினர்க்குப் பால், வீட்டார்க்குக் கட்டன் என்பது அவ்வீட்டின் வழக்கம். எங்களுக்கும் கட்டனே போதும் என்றோம்.

“முதல்ல இதைக் குடிங்க ஐயா, ஆறிடும். கட்டன் அடுத்த தடவை வரும்போது தாரேன்” என்று சொல்லி, கிண்ணத்தில் ஒட்டியிருந்த பாலையும் எங்கள் தம்ளரிலேயே வழித்து ஊற்றினாள்.